ஈரக் கிளிப்

தண்ணீருக்கு நன்றி ஐயா. டம்ளரை இன்னொரு முறை கழுவித் தரச் சொன்னதில் காவலருக்கு வருத்தம் வேண்டாம். விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருந்தது. நீங்கள் கேட்டதை நானே எழுதித் தருகிறேன். நாற்பது வயதுக்குமேல் கற்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் வரும்.

பழைய துணிகளைப் பேல், அதாவது பெரும்பொதி, கட்டும் கொட்டகையில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. ஊரார் உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக வரும். வியர்வை, சீழ், குழந்தையின் மூத்திரம், எல்லாம் அதில் உண்டு. ஆள் உயரக் குவியலைப் பிரஸ்ஸில் இடுப்பு உயரத்துக்கு அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே ஐந்து பட்டை கட்டி, பிறகு பிரஸ்ஸைத் தூக்க வேண்டும். தூக்கியதும் துணி திமிறிக்கொண்டு புடைக்கும். நைலான் பட்டை என்றால் கூடவே நீண்டுகொடுத்து, பேல் தொந்தி போட்டுவிடும். இரும்புப் பட்டை இம்மியும் கொடுக்காது. எங்களுக்கு இரும்புதான்.

பட்டையின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, டென்ஷனரால் இழுத்து இறுக்குவார்கள். அதன்மேல் விரல் நீளத் தகரக் கிளிப்பைப் போட்டு, சீலர் என்கிற நீளக்கைக் கருவியால் நெரித்தால், கிளிப் பட்டையைக் கடித்துக்கொள்ளும். இழுப்பது என் ஜோடிக்காரரான அவர். நெரிப்பது நான்.

கொட்டகையில் அவருக்குச் 'சுருதி' என்று பெயர். பிரஸ் தூக்கியதும் நடுப்பட்டையை நகத்தால் சுண்டி, கன்னம் உரசுமளவு குனிந்து காது கொடுத்துக் கேட்பார். கணீரென்றால் சரி. மொத்தென்றால் வெட்டிப்போட்டு மறுபடி கட்ட வேண்டும்.

"என்ன சுருதி அண்ணே, இன்னைக்கு என்ன ராகம்?" என்று லாரிக்காரர்கள் சீண்டுவார்கள்.

"உன் பொண்டாட்டி உன்னைத் திட்டுற ராகம்தான்" என்பார்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கிளிப்பை அவர் வாயில் வைத்துக்கொள்வார். தையல்காரர் ஊசியைக் கடித்துக்கொள்வதுபோல, ஏழெட்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, நாக்கால் ஒன்றைத் தள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். எச்சில் நூலாய் இழுக்கும். மத்தியானத்துக்குப் பிறகு சோற்றுத் துணுக்கும் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. வாங்கிக்கொள்வேன்.

எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பிரஸ் தகட்டில் படிந்த தூசியில், விரலை நக்கி நக்கி எழுதுவார்.

"பாரு தம்பி, இதான் உன் பேரோட மொத எழுத்து. அதுமேலயே விரலை வச்சு இழு."

அந்த எச்சில்மேல் விரலை வைத்துத்தான் படித்தேன். இன்றைக்கும் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அந்த வாடை வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

அதையும் பொறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். போன மாதம் அவர் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் பேசி முடித்தோம். பிள்ளைகளுக்குள் முன்பே விருப்பம். என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் தேநீர் வேளையில் அவர் என் தோளில் கைபோட்டார்.

"இனிமே அண்ணேன்னு கூப்பிட்டே, பாத்துக்க. அண்ணன் தம்பி புள்ளைங்க எப்படிய்யா கட்டிக்கும்? இன்னையிலேர்ந்து மச்சான்."

"சரி மச்சான்" என்றேன்.

"உன் பக்கத்து வீடு காலியாகுதாம். குடி வந்துடறேன். அப்புறம் என்ன, ஒரே அடுப்பு, ஒரே தட்டு."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த பன்னைக் கடித்து, கடித்த பக்கத்தை என் வாயில் திணித்தார். மென்றேன். அது தொண்டையில் இறங்கும்போதே மனதில் முடிவாகிவிட்டது.

சீலரின் இரண்டு கைகளும் முட்டும்வரை நெரித்தால் கிளிப் விடவே விடாது. முக்காலில் நிறுத்தினால், பார்வைக்குப் பல் பதிந்த மாதிரியே இருக்கும். துணி புடைத்ததும் மெல்ல வழுக்கும். எத்தனை மூச்சில் என்பதுதான் தெரியவில்லை. கல்யாணத் துணி எடுக்க அவர் இரண்டு நாள் விடுப்பில் போனார். அந்த இரண்டு நாளும் தனியாகக் கட்டினேன். ஆறு பேலில் நடுப்பட்டையை முக்காலில் நெரித்து, தள்ளி நின்று என் மூச்சை எண்ணினேன். சீக்கிரமாக விட்டது நான்காம் மூச்சில், தாமதமாக விட்டது ஒன்பதாம் மூச்சில். பிரஸ்ஸைச் சுற்றி வந்து காது வைக்க அவருக்கு மூன்று மூச்சு ஆகும். வைத்தால் சட்டென்று எடுக்க மாட்டார். பொறுமைசாலி.

திங்கட்கிழமை காலை, மூன்றாவது பேல். கிளிப்பைக் கொடுத்தார். நெரித்தேன். பிரஸ் மேலே போனது. அவர் சுற்றி வந்து, குனிந்து, சுண்டினார்.

"மச்சான், இது பிசிறடிக்குதே" என்றார்.

ஆறாவது மூச்சில் விட்டது. பட்டை சாட்டைபோல நிமிர்ந்து அவர் தாடைக்குக் கீழே அறுத்துக்கொண்டு போனது. பேல்மேலேயே சாய்ந்தார். வாயிலிருந்த கிளிப்புகள் எச்சிலும் இரத்தமுமாகச் சிதறின. ஆட்கள் வருமுன் அவற்றைப் பொறுக்கி, கந்தலில் துடைத்து, டப்பாவில் போட்டேன். காய்ந்த கிளிப் கையில் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் விபத்துச் சாவு என்றார்கள். கல்யாணம் நின்றிருக்கிறது. என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள். அவர் மகன் "மாமா, மாமா" என்று என் தோளில் முகம் புதைத்து அழுதான். சட்டை நனைந்துவிட்டது. போய் மாற்றிக்கொண்டேன்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நேற்று கொட்டகைப் பலகையில் அறிக்கை ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'காரணம்: கிளிப் நெரித்தவரின் கவனக்குறைவு.' பதினெட்டு வருடத்தில் நான் கவனக்குறைவாக நெரித்த கிளிப் ஒன்றுகூடக் கிடையாது. இதுவும் கவனமாகச் செய்ததுதான். அதைத் திருத்தச் சொல்லவே இங்கே வந்தேன்.

சற்றுமுன் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "டம்ளரைக் கழுவித் தரச் சொல்லத் தெரியுதில்ல? அந்தக் கிளிப்பைத் தொடைச்சுக் குடுன்னு அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவையாவது சொன்னியாய்யா?"

சொன்னதில்லை ஐயா. சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? பதினெட்டு வருடத்தில் அவர் மனம் நோக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொட்டகையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.