வணக்கத்தில் போன பத்து நிமிடம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஏரம்பமூர்த்தி அவர்களே! அறிவிலும் அன்பிலும் மூத்த பெரியோர்களே! ஆக்லாந்தின் ஒடாஹுஹுக் குளிருக்குப் பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! புக்கெகோஹித் தோட்டத்து வெங்காய வாசம் கையை விட்டுப் போகுமுன்னே ஓடிவந்த தோழர்களே!

என்ன, முன்வரிசையில் சபாரத்தினம் அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்? பயப்படாதீர்கள் அண்ணை, இன்று வணக்கம் இவ்வளவுதான். பட்டவன் நான்! பாடம் படித்தவன் நான்! அந்தக் கதையைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

தொலைதூரப் பாலைநிலம் ஒன்றில், பகைத்த இரு நாடுகளுக்கு நடுவே, பன்னாட்டு அமைதிப்படை நிற்கிறது. அதில் நியூசிலாந்து வீரர்களும் நிற்கிறார்கள். நம் ரதிதேவியின் கணவர் மகேசனும் அங்கேதான் படை வாகனங்களைத் திருத்துகிறார். அந்தப் படைக்கு இந்த நாடு தரும் நிதியை நிறுத்த வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் ஒருவர் மசோதா கொண்டுவந்தார். பொதுமக்கள் கருத்தைக் கேட்கத் தெரிவுக்குழு ஆக்லாந்துக்கு வந்தது. நம் தமிழ்ச் சங்கத்துக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். பேசப் போனவன் யார்? அடியேன்!

கார் ஓட்டி வந்தவர் ரதிதேவி. வழியில் கேட்டேன்: "பிள்ளை, மசோதா வென்றால் அடுத்த மாதமே உம்முடைய மனுசன் வீட்டுக்கு வந்திடுவார். அதை எதிர்க்கவா என்னை ஏத்திக்கொண்டு போறீர்?"

"ஓம் கதிர்காமநாதன் அண்ணை. நீங்கள் வடிவாக் கதையுங்கோ. எனக்கு உதெல்லாம் வராது," என்றார்.

வடிவாகக் கதைத்தேன் ஐயா! மேடைத் தமிழை அப்படியே ஆங்கிலமாக்கினேன். குழுத் தலைவரே என்றேன். அவர் குலத்தைப் புகழ்ந்தேன். உறுப்பினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாழ்த்தினேன். குறிப்பெடுக்கும் பெண்ணே என்றேன், தேநீர் தந்த தாயே என்றேன், வாசலில் நின்ற காவலரையும் விடவில்லை! "இனி விடயத்துக்கு வருகிறேன்" என்று வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது.

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. ஊரே நம்பி அனுப்பிய ஒருவன், ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்புவதா?

குழுத் தலைவர் நல்ல மனிதர். "உங்களோடு வந்தவருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா? ஒரு நிமிடம் தருகிறேன்" என்றார். ரதிதேவி எழுந்தார். வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. ஆங்கிலத்தில் சொன்னதை அவருடைய தமிழிலேயே தருகிறேன்.

"என்ர மனுசன் வீட்டுக்கு வரவேணும் எண்டு எனக்கும் ஆசை. மகள் நடக்கத் தொடங்கிட்டாள், அவர் இன்னும் பார்க்கேல்லை. ஆனா எண்பத்து மூன்றில எங்கட வீட்டு ஒழுங்கைக்குள்ள எங்களை அடிக்கக் கூட்டம் வரேக்கை, நடுவில நிக்க ஒருத்தரும் இருக்கேல்லை. ஆரும் நிண்டிருந்தால் என்ர அண்ணா இண்டைக்கு இருப்பார். இப்ப இவர் வேற ஆற்றையோ ஒழுங்கைக்கு நடுவில நிக்கிறார். அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரேல்லை."

அவ்வளவுதான். நிமிடம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவர் மேசையைப் பார்த்தபடியே இருந்தார்.

மசோதா கொண்டுவந்தவர் பிறகு தேநீர் மேசையருகே வந்து, மகளின் பெயர் என்ன என்று ரதிதேவியிடம் கேட்டார். ஆனாலும் தன் நிலைப்பாட்டை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்?

சென்ற புதன்கிழமை மசோதா தோற்றது! தட்டுங்கள் கையை! நாம்தான் தோற்கடித்தோம் என்று மார்தட்டமாட்டேன். இந்த நாட்டில் எத்தனையோ பேர் சொன்னார்கள், நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் சொன்னாள். சொல்ல இடம் கொடுத்தார்களே, கேட்கக் காது கொடுத்தார்களே, அகதியாய் வந்த நமக்கு இதைவிட என்ன நிறைவு வேண்டும்? மகேசன் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளையைத் தூக்கித் திரிய இந்த மண்டபத்தில் எத்தனை கைகள் இருக்கின்றன!

விடைபெறுமுன் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அன்று வாசற்காவலர் வரை வணங்கிய நான், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவரை மறந்துவிட்டேன். அந்த வணக்கம் இன்னும் என்னிடமே இருக்கிறது. கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ரதிதேவி அம்மா அவர்களே, வணக்கம்!