வெற்றிலை போடாத எண்ணெய்

சுறா எண்ணெயின் வாடை, பழகிவிட்டால், அவ்வளவு மோசமில்லை. டாக்டர் ஐயா, மருந்து ஏன் பாதியில் பலிக்காமல் போனது என்று நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். குறை உங்கள் மருந்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிள்ளை பிறந்து இறந்தபின் என் மனைவி அம்சாவுக்கு மாலைக்கண் வந்தது. யுத்த காலம், சீமை மீன் எண்ணெய் வருவதில்லை என்று சொல்லி, பட்டணத்திலிருந்து சுறா எண்ணெய் வரவழைத்துக் கொடுத்தீர்கள். கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரோடு சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை குலுக்கச் சொன்னீர்கள். எண்ணெய் கெட்டுக் காறிப்போனால் கண்ணுக்கான சத்தும் போய்விடும் என்றும் எச்சரித்தீர்கள். எங்கள் வீட்டில் நெய் காறாமலிருக்க, வெண்ணெய் உருக்கும்போது வெற்றிலை போடுவார்கள். அந்த நினைவில், நிழலில் உலர்த்திய வெற்றிலையை எண்ணெயில் ஊறப்போட்டு, புட்டியைத் துணியில் சுற்றி, நான் நெய்யும் தறிக்கு அடியிலுள்ள குளிர்ந்த குழிக்குள் வைத்தேன். சித்திரை வெயிலிலும் அது கெடவில்லை. நீங்களே முகர்ந்து பார்த்துப் பாராட்டினீர்கள்.

அந்த நாட்களில், இருட்டத் தொடங்கியதும் அம்சா என் கையைத் தேடுவாள். கல்யாணமானதிலிருந்து அவளாக என்னைத் தொட்டது அப்போதுதான். கிணற்றடிக்கு அழைத்துப் போவேன். எதிர்வீட்டுத் தமயந்தி, "பொழுது போனா பொண்டாட்டி கையப் புடிச்சிகினு சுத்துறான் பாரு, புது மாப்ள" என்று கேலி செய்வாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாலை அம்சா வாசலில் நின்று, "மலை மேல கோயில் வெளக்கு தெரியுது மாமா" என்றாள். நான் கையை நீட்டினேன். அதைப் பார்த்தாள். பிறகு தனியாகவே கிணற்றடிக்கு நடந்தாள். எனக்குச் சோறு போடும்போது, "கண்ணு நல்லா ஆனதும் பள்ளிப்பட்டுக்குப் போறேன். இந்த வாட்டி கூப்பிட வராதீங்க" என்றாள். முன்பும் இப்படிப் பிறந்த வீட்டுக்குப் போனவள்தான். என் வீட்டில் என்ன குறை என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. வெற்றிலை போடுவதை நிறுத்தினேன். புட்டியைக் கூரை ஓட்டின்மேல் வெயிலில் வைத்தேன். எண்ணெய் காறியதும் வழக்கம்போல் பிசின் சேர்த்துக் குலுக்கினேன். அப்போதும் அது பால்போலத்தான் வெளுத்தது. வாடை தெரியாதிருக்க ஏலக்காய் தட்டிப் போட்டேன்.

"நாறுது மாமா," என்றாள் ஒருநாள்.

"மருந்துன்னா அப்படித்தான்."

"ஆங். நீங்க குடுக்கறீங்க, குடிக்கிறேன். சீக்கிரம் கண்ணு தெரிஞ்சா போதும்."

சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள், நல்ல வெயிலில் நின்றுகொண்டு என் கையைத் தேடினாள். அவள் கருவிழி பால்போல் வெளுத்திருந்தது. அன்றுதான் உங்களிடம் அழைத்து வந்தேன்.

இப்போது தவறாமல் வெற்றிலை போடுகிறேன். எண்ணெய் காறுவதே இல்லை. அம்சா பகலிலும் என் கையை விடுவதில்லை. பள்ளிப்பட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. பிரியமில்லாமலா ஐயா, இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்?