நாலு மாசமா வராத ரீஃபண்ட்

இல்ல சார், அப்பா வரல. அவர் பஸ் டெப்போவுல மெக்கானிக், லீவு கிடைக்கல. நான் அவர் பொண்ணு. இதோ கடிதம். கையெழுத்து சத்தியமா அவரே போட்டது சார், எனக்குக் குரல்ல மட்டும்தான் தில்லுமுல்லு வரும்.

ரீஃபண்டுதான். சம்பளத்துல வரிய அதிகமாப் பிடிச்சுட்டாங்க, அது திரும்ப வரணும். பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவுக்கு மூணே வாரத்துல வந்துடுச்சு. எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு. அக்காவுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு, இருபதாம் தேதிக்குள்ள பணம் கட்டணும். காலைல எழுந்ததும் என் போனப் பிடுங்கி உங்க வெப்சைட்டத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறா. பரிசீலனையில் உள்ளது. பரிசீலனையில் உள்ளது. எங்க வீட்டு குக்கர்கூட இப்ப அப்படித்தான் விசிலடிக்குது.

தப்பு எங்க மேலதான் சார். அப்பா பழைய பேங்க் கணக்கு நம்பரக் குடுத்துட்டார். அந்தக் கணக்க மூடியே ரெண்டு வருஷம் ஆச்சு. பணம் அங்க போய், பூட்டின கதவப் பார்த்துட்டு, வந்த வழியே திரும்பிடுச்சு. புது பாஸ்புக் நகல் கொண்டு வந்திருக்கேன்.

குரல்ல தில்லுமுல்லுன்னேனே, அதுவா சார்? ஆமா, மிமிக்ரி பண்ணுவேன். உங்க ஹெல்ப்லைன் அக்காவா? உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தலை நரைக்கும்வரை காத்திருக்கவும். எப்படி? சிரிங்க சார், பரவாயில்ல.

போன மாசம் தொண்டையக் கரகரன்னு வெச்சுக்கிட்டு அப்பாவுக்கு போன் போட்டேன். வருமான வரி ஆபீஸ்லேர்ந்து பேசறேன், ரீஃபண்ட் தயார், நீங்கதான்னு உறுதி செய்ய ஒரு பாட்டுப் பாடுங்கன்னேன். டெப்போவே வேடிக்கை பார்க்க ரெண்டு சரணம் பாடிட்டார்! சாயங்காலம் ஸ்பேனரோட துரத்தினார்.

ஃபைல்ல என்ன சார் தேடறீங்க? அந்தக் குறிப்பா? கணக்கு எண் கேட்டு அழைத்தபோது தகாத முறையில்... ஓ. அதனாலதான் ஃபைல ஓரமா வெச்சுட்டாங்களா? எழுதினது யாரு சார்? நீங்களா?

அது வந்து சார்... போன வாரம் ஒருநாள் அப்பா வந்ததும் வராததுமா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியான்னு என்மேல பாய்ஞ்சார். அன்னைக்கு நான் போனத் தொடவே இல்ல. சொன்னா நம்பல, இன்னிக்கு வரைக்கும் நம்பல.

அதனால, ஏண்டி கழுத, ஆம்பளக் குரல்ல பேசினா கண்டுபிடிக்க மாட்டேனா, வீட்டுக்கு வந்து உன் கால ஒடிக்கிறேன் பாருன்னு அவர் சொன்னது உங்கள இல்ல சார். என்னைய.