தணிகாசலத்தின் பாஸ்வேர்டு

பாதுகாப்பு, பாதுகாப்புன்னு இவ்வளவு நேரம் பேசிட்டேன்... ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? புடிக்கலேன்னா கை தட்டுங்க, நிறுத்திடறேன்.

ஆரணியில தணிகாசலம்னு ஒருத்தர். டைல்ஸ் கடை வெச்சிருக்கார். பொண்ணுக்கு நிச்சயம். அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒண்ணு கேட்டுடுச்சு... "பொண்ணோட தாத்தா இவர்தானா?"

மனசு என்ன பாடுபடும்? தலையில முடி இல்லாதது ஒரு குத்தமா?

அன்னையிலிருந்து கடை கம்ப்யூட்டர்ல முடி நடுற ஆஸ்பத்திரியா தேடுறார். கல்யாணத்துக்குள்ள நட்டுடணும்! எல்லாத்தையும் புக்மார்க் பண்ணி வெக்கிறார். கடையில வெச்சது போன்லயும் வர்றதுக்கு ஒரு ஆப். அப்ப ஒருத்தர் சொன்னார்... "அண்ணே, அந்த ஆப் கம்பெனிக்காரன் நெனச்சா இதையெல்லாம் பாக்கலாம்ணே."

"என்னது! என் மண்டையை எவனோ பாக்குறானா?"

உடனே அந்த ஆப்பைத் தூக்கிட்டுப் புதுசு போட்டார். இதுல எல்லாமே பூட்டு. செஞ்ச கம்பெனியே தொறக்க முடியாது. ஆனா பாஸ்வேர்டை மறந்தா... போச்சு!

தணிகாசலத்துக்கு மறதி ஜாஸ்தி. என்ன பண்ணார் தெரியுமா? ஆப் பேரோட சேத்து... குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டார்! "இது என் ரகசிய பாஸ்வேர்டு. பத்திரமா வெச்சுக்கோங்க. யாரும் தொறந்து பாக்க வேண்டாம்."

சிரிக்காதீங்க... ஏடிஎம் நம்பரை மச்சான்கிட்ட சொல்லி வெச்சவங்க இங்க யாருமே இல்லியா?

பாக்காதீங்கன்னா நம்ம ஜனம் பாக்காம இருக்குமா? கொழுந்தியா கேக்குறா, "மாமா, நட்டா வலிக்குமா?" சமையக்கட்டுலருந்து சம்சாரம், "என்னங்க... முன்பக்கம் மட்டுமா, பின்பக்கமும் சேத்தா?"

அந்தக் குரூப்ல சம்பந்தியும் இருந்தார். அவர்கிட்டேருந்து போன். தணிகாசலம் பயந்துக்கிட்டே எடுத்தார். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மண்டபத்துல நிக்கிறது?

"சம்பந்தி... நீங்க மொதல்ல சேத்து வெச்சிருக்கீங்களே, அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிடாதீங்க."

"ஏன் சம்பந்தி?"

"நான் போனேன். நட்டது அத்தனையும் கொட்டிடுச்சு. இப்ப என் தலையில இருக்கிறது... விக்கு."

கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல ரெண்டு பேரு பன்னீர் தெளிச்சாங்க. ரெண்டும் வழுக்கை. ரெண்டும் சிரிப்பு!

பூட்டை மாத்தினது தப்பா? இல்லவே இல்ல. ஊர் பேர் தெரியாதவன் எதுக்கு நம்ம வீட்டை எட்டிப் பாக்கணும்? நல்லா பூட்டுங்க. ஆனா சாவியை யார்கிட்ட கொடுக்கறீங்க? தணிகாசலத்துக்கு நல்ல சம்பந்தி வாய்ச்சார், தப்பிச்சார். உங்களுக்கு...? வீட்டுக்குப் போனதும் மொதல்ல உங்க குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு பாருங்கய்யா!