உவன் நிற்கும் இடம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படத்தில் பனிக்கு மை கிடையாது. சுற்றிலும் நிறம் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவிடுவார்கள். நம் கண் அதைப் பனி என்று எடுத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் தொங்குகிறது. பார்க்கும் முறையைச் சொல்கிறேன். அருகில் பெரிதாக ஒரு பைன் கிளை. தொலைவில் மங்கலான மலை. நடுவே, உறைந்த ஏரியில், குடை பிடித்த சிறு மனிதன். அவனை விரலால் மறைத்தால் மலை சிறுத்துவிடும், அவன்தான் அளவுகோல். இவன், உவன், அவன் என்று மூன்று தூரத்துக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல் உண்டு. நடுவில் நிற்பவன் உவன். ஆபீசர், நான் சொல்வதை உங்களுக்கு மொழிபெயர்க்கும் இந்தத் தங்கச்சி சென்னை, அவருக்கு அது பழக்கமில்லை. அவசரமில்லை, ஆறுதலாக விளங்கப்படுத்தலாம்.

ரொறன்ரோவை விட்டு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியபோது பின்பக்கம் இதே காட்சி கிடைத்தது. வேலியோரம் பைன், தொலைவில் கூரைகள், நடுவே மழைநீர்க் குளம். உவன் மட்டும் இல்லை.

மனைவி பேர்ணடெற்றின் தம்பி நீக்கிலாஸ் எங்கள் பேஸ்மென்றில் இருந்தான். நல்ல பிள்ளை. மார்ச் கடைசியில் பனி கொட்டிய ஒரு மாலை, குடையைக் கொடுத்துக் குளத்தில் போய் நிற்கச் சொன்னேன்.

"ஐஸ் தாங்குமோ அத்தான்?"

"படத்தில தாங்குதுதானே."

"படத்தில நிக்கிறவன் அக்கான்ர கொத்துரொட்டி தின்னேல்ல அத்தான்."

சிரித்துக்கொண்டு போனான். கரையில் அவன் இன்னும் இவனாகவே இருந்தான், மிகப் பெரிதாக. நான் பின்கதவில் நின்று போனில், "இன்னும் அங்கால," என்றேன். நகர நகரச் சிறுத்தான். 'மெல்லிய பனிக்கட்டி, இறங்க வேண்டாம்' என்ற மஞ்சள் பலகை கண்ணை இழுக்கும் என்பதால் அதைக் காலையிலேயே கழற்றியிருந்தேன்.

ஓரிடத்தில் எல்லாம் பொருந்தியது.

"அத்தான், கீழ ஏதோ வெடிக்குது."

"அசையாதை. குழம்பிப்போகும்."

அவன் இடுப்பளவு, பிறகு கழுத்தளவு இறங்கினான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். கராஜில் ஏணி இருந்தது, உண்மைதான். ஆனால் படத்தின் நடுவில் இரண்டாவது ஆள் நுழைந்தால் அளவு கெட்டுவிடும்.

அப்போதுதான் பேர்ணடெற் வேலையால் வந்து, முன்பக்கச் சமையலறையில் நின்று கேட்டாள்.

"தம்பி எங்கயப்பா?"

"உதில."

பொய் சொல்லவில்லை, உவன் நிற்கும் இடம் உதுதானே. ஆனால் எங்கள் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போனவனையும் 'உதில போட்டான்' என்றுதான் சொல்வார்கள்.

"கடைக்கே? உந்த ஸ்னோவுக்கையோ? ஜக்கெற்றும் போட்டிராது, எருமை. வந்தோடன குடிக்கட்டும்," என்று அவனுக்கும் சேர்த்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

நான் திருத்தவில்லை. வெளியே அவன் இன்னும், "அத்தான்," என்றுகொண்டிருந்தான். பேர்ணடெற்றுக்குக் குளிருமே என்று பின்கதவை இழுத்துச் சாத்தினேன்.