தென்கரை மழைமானியில் கிடந்த பாசி

மேடையில் இருக்கும் பாசனச் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வடகரை மக்களே, என் வரப்பை வெட்டிவிட்டு இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தென்கரைக்காரர்களே! ததேயுஸ் சாரின் நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம். வரப்புச் சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது.

நம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய ததேயுஸ் சார் ஓய்வு பெற்றபின் என்ன செய்தார்? நம் ஊர்ப் பெரிய குளத்தின் வடகரையில் ஒன்று, தென்கரையில் என் முற்றத்தில் ஒன்று என்று இரண்டு மழைமானி வைத்தார். தினமும் காலை எட்டரைக்குச் சைக்கிளில் வந்து அளந்தார். பதினான்கு வருடம்! ஒரு நாள் தவறினாரா? மகள் ஜெஸ்பின் கல்யாணத்தன்றும் பட்டுவேட்டியோடு வந்து அளந்துவிட்டுத்தானே கோயிலுக்குப் போனார்!

கோடை மழை எப்போதும் வடகரையில்தான் கூடுதல். "ஒங்க மச்சான் வயல் அங்க கெடக்கு, அதான் கூட்டி எழுதுதிய," என்று நான் ஏசினேன்.

அவர் சிரித்தார். "வடிவக்கா, நம்ம குளம் பரந்து கெடக்கு, ஆழம் இல்ல. வெயிலுக்குச் சட்டுனு சூடாவி ஆவி எழும்பும். மத்தியானம் கடல்காத்து அத வடக்க தள்ளிட்டுப் போவும். குளம் தனியா மழையப் பெத்துப் போடாது. வாற மழையக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்."

"அப்போ எங்க கரைத் தண்ணியா அவனுவளுக்குப் பெய்யுது?" என்றேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை.

ஐந்து வருடத்துக்கு முன், சித்திரை இருபத்திமூன்று. வடகரையில் நல்ல மழை. என் முற்றத்தில் வெறும் தூறல். மறுநாள் காலை சார் வருமுன், குளத்தில் ஒரு செம்பு மொண்டு மானியில் ஊற்றினேன். சார் வந்தார். மானிக்குள் இருந்த குப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"வடிவக்கா, மழையில பாசியும் பெய்யுமா?"

"காலங்கெட்டுப் போச்சு சாரே, இனி மீனும் பெய்யும்!"

அவர் அன்றைய அளவை எழுதினார். பிறகு நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுப் போனார்.

இப்போது மனை விற்கிறவர்கள் குளத்தின் தென்பாதியை மண் போட்டு நிரப்ப அனுமதி கேட்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீர், இதுவும் ஒரு குளமா என்கிறார்கள். நமக்கு இருக்கும் சாட்சி சாரின் நோட்டுதான். சித்திரையில் குளம் நிறைந்து கிடந்த வருடங்களில் கன்னிப்பூ நெல் விதைக்க மழை கிடைத்தது. குளம் வற்றிய வருடங்களில் குறைந்தது. போன மாத விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், அடித்த வரியில் விரலை வைத்தார்.

"பிடிக்காத அளவை அடிச்சுட்டீங்களா?"

"அது மழை இல்ல," என்றார் சார்.

"மழை இல்லேன்னா யார் ஊத்தினது?"

சார் என் பெயரைச் சொல்லவில்லை. பின்பெஞ்சில் இருந்த என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நோட்டே பொய் என்றார் வக்கீல். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். "சாரு மாத்தித்தான் எழுதியிருப்பாரு" என்று டீக்கடையில் பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களை ஏச இன்று எனக்கு வாயில்லை.

போன புதன்கிழமை அந்தப் பழியோடு அவர் போய்விட்டார்!

எல்லோரும் கேளுங்கள். ஊற்றியவள் சண்முகவடிவு. பதினான்கு வருட நோட்டில் வந்த ஒரே பொய் என்னுடையது. அதையும் அவர் சேர்க்கவில்லை.

தலைவரே, சாட்சிகளில் என் பெயரை எழுதுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணையில் அந்த வக்கீல் முகத்துக்கு நேரே இதைச் சொல்வேன். மானி இரண்டையும் இனி ஜெஸ்பினும் நானும் அளப்போம். எண் எழுத எனக்குத் தெரியும். இன்று காலை வடகரையில் பன்னிரண்டு மில்லிமீட்டர். என் முற்றத்தில் மூன்று.

மூன்று என்றே எழுதியிருக்கிறேன்.