வேலம்மாளின் நாற்காலி

அவைக்குத் தலைமையேற்று, இரண்டு மணி நேரமாக ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி செம்பியன் ஐயா அவர்களே, என் நூலின் இரண்டாம் பதிப்புக்குப் பட்டு நாடா கட்டித் தட்டில் ஏந்திக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பதிப்பாளர் ஜெயப்பிரகாஷ் அவர்களே, சட்டம் கற்ற சான்றோர்களே, சட்டத்தால் அலைக்கழிந்த பெரியோர்களே, கடலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் என் தேவாலயப் பங்கு மக்களே, கிள்ளையில் கருவாட்டு வேலையை அரைநாள் நிறுத்திவிட்டு வந்து முதல் வரிசையில் வீற்றிருக்கும் என் தாய்மார்களே, கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்ட என் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் இந்த ஜூலியின் வணக்கம்.

ஏற்புரை ஆற்ற வந்திருக்கிறேன். எழுதியவள் தன் நூலைப் பற்றித் தெளிவாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மரபு. ஆனால் அன்பர்களே, நான் குழம்பிப்போய் நிற்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சிதம்பரத்தில் நிறுவனச் சட்டம் கற்பிக்கிறேன். தெளிவு தருகிறேன் என்று சொல்லித்தான் மாதச் சம்பளம் வாங்குகிறேன். இன்று என் கையில் தெளிவு இல்லை. கடன் வாங்கிக்கூடக் கொண்டுவர முடியவில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? உண்மையைத்தான் சொல்கிறேன். வரி பற்றிய அத்தியாயத்தில் குழப்பமா என்று கேட்கிறார் முன்னால் இருக்கும் ஆடிட்டர். இல்லை ஐயா. அந்த அத்தியாயத்தை இதுவரை யாரும் முழுக்கப் படித்ததில்லை, அதனால் அதில் சிக்கலே எழவில்லை. சிக்கல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கம் எங்கிருந்து முளைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனாருக்குச் செம்மங்குப்பத்தில் ஆலை வேலை. ஒன்பது வயதில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கம்பெனி, கம்பெனின்றியே, கம்பெனின்னா யாருப்பா?" அவர் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பேரு தெரியும்டி. மூஞ்சி தெரியாது." அந்த மூஞ்சியைத் தேடித்தான் சட்டம் படித்தேன். தேடிப் போன இடத்தில் கண்டது என்ன? பளபளக்கும் மேசைகள் கண்டேன். மேசையைச் சுற்றிப் பதினோரு நாற்காலிகள் கண்டேன். நாற்காலிக்கு உரியவர் வந்ததாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், அவரோ அந்த நேரத்தில் வேறு ஊரில் கல்யாண விருந்தில் இருப்பார். ஓட்டுநரை இயக்குநராக்கிய முதலாளிகளைப் பற்றிப் படித்தேன். சமையற்காரம்மாவின் பெயரில் நிறுவனம் நடத்தியவர்களைப் பற்றிப் படித்தேன். நெஞ்சு கொதித்தது. கொதித்த நெஞ்சோடு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதினேன்.

என்ன எழுதினேன்? "தான் வராத கூட்டத்துக்குத் தன் பெயரில் பிறர் கையெழுத்திட அனுமதிக்கும் இயக்குநருக்கு எந்தச் சலுகையும் கூடாது. அவருடைய வாக்கு வெற்றுத்தாள். அவருடைய நாற்காலி காலி." இப்படி எழுதிவிட்டு, அன்று மாலை நானே எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

அந்த மூன்று வரியை இப்போது ஒரு வழக்கறிஞர் மேற்கோள் காட்டியிருக்கிறார். யாருக்கு எதிராக? பதினோரு நாற்காலிக்காரர்களுக்கு எதிராகவா? இல்லை. கிள்ளையில் கருவாடு காயவைக்கும் வேலம்மாளுக்கு எதிராக.

கதை சிறியதுதான், கேளுங்கள். கிள்ளைப் பக்கம் நாற்பது பெண்கள் சேர்ந்து ஒரு கருவாட்டு நிறுவனம் நடத்துகிறார்கள். சட்டப்படி பதிவு செய்த நிறுவனம். ஐந்து இயக்குநர்கள். தலைவர் பவானி. ஐவரில் ஒருவர் வேலம்மாள். உப்பனாற்று ஓரமாக அவர்களுக்கு ஒரு காயவைக்கும் களம் இருக்கிறது. அந்தக் களத்தை முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டுக் குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் வந்தார்கள். கொடுக்கலாமா, கூடாதா? ஐந்து பேர் கூடினார்கள். பவானியும் இன்னொருவரும் கொடுக்கலாம் என்றார்கள். மூன்று பேர் கூடாது என்றார்கள். களம் தப்பியது.

பவானியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து நாறும் கருவாட்டைப் பத்து வருடம் அள்ளிக் கொட்டிச் சலித்தவர். குத்தகை வந்தால் விடிவு வரும் என்று நம்புகிறார். ஆனால் களம் போனால் நாற்பது பெண்களும் எங்கே காயவைப்பது என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அந்த வாக்கெடுப்பு நடந்த நாளில் வேலம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டு நடந்த எந்தக் கூட்டத்துக்குமே அவர் வரவில்லை. கணவரைக் கடலில் பறிகொடுத்த வீடு. வருடத் தெவசம் முடியும்வரை பொதுக் காரியத்துக்குப் படி இறங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சரியா தவறா என்று இந்த மேடையில் நான் வாதாட வரவில்லை. அவர் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பதிவேட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் "வேலம்மாள்" என்று கையெழுத்து இருக்கிறது. போட்டவர் அவருடைய ஓரகத்தி திலகவதி.

ஐயோ என்கிறார் ஒரு மாணவர். நானும் அப்படித்தான் சொன்னேன் தம்பி. சட்டம் என்ன சொல்கிறது? இயக்குநர் தன் நாற்காலிக்கு ஆள் அனுப்ப முடியாது. ஓராண்டு முழுக்க எந்தக் கூட்டத்துக்கும் வராதவர், விடுப்புக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பதவியை இழக்கிறார். வேலம்மாளின் வாக்கை நீக்கிவிட்டால் இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவருக்குக் கூடுதல் வாக்கு. களம் போய்விடும். அந்த வாக்கு செல்லாது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள், வருகிற திங்கட்கிழமை சென்னையில் விசாரணை. கிடங்குக்காரர்களின் வழக்கறிஞர் கையில் ஆயுதமாக இருப்பது என் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிள்ளைக்குப் பேருந்து ஏறினேன். களத்தில் வாளை மீனைப் பரப்பிக்கொண்டிருந்த வேலம்மாளிடம் என் வாத்தியார் குரலில் கேட்டேன்: "அந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றார்.

"வூட்ல இருந்ததாத்தான எல்லாரும் சொல்றாங்க?"

"வூட்லதான் இருந்தேன். என் பேருக்குத் திலகவதி ஒக்காந்திருந்தா. அப்ப நான் இருந்த மாதிரிதான டீச்சரம்மா?"

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விளங்கச் சொன்னார்கள். அவர்கள் ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பெயரைக் கூப்பிடுவார்களாம். ஆள் கடலில் இருந்தால் அவன் பங்காளி எழுந்து, கடலில் இருப்பவன் பெயருக்கே "வந்திருக்கேன்" என்பானாம். ஊர் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. கடலுக்குப் போனவனை விட்டுவிட்டு ஊர் முடிவெடுப்பதைத்தான் தவறு என்று நினைக்கிறது. ஆண்களின் கூட்டத்தில் அதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், தங்களுக்கென்று ஒரு கூட்டம் வந்தபோது அதே முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். நாலு கூட்டம் பவானி தலைமையிலேயே அப்படி நடந்தது. வாக்கில் தோற்றபிறகுதான் அது பிழையாகத் தெரிந்தது.

"அதெப்படிம்மா, அவுங்க பேர நீங்க எழுதலாமா?" என்று திலகவதியைக் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"பின்ன, என் பேரயா எழுதுவாங்க? நாற்காலி அக்காவுதாச்சே" என்றார்.

அப்போது எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. வழக்கறிஞர் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். திலகவதி தன் மனதில் இருந்ததைத்தானே அங்கே வாக்காகச் சொல்லியிருப்பார், வேலம்மாளின் பெயர் வெறும் முகமூடிதானே என்று சந்தேகப்பட்டேன். கேட்டும்விட்டேன். திலகவதி கையிலிருந்த மீனைக் கூடையில் வைத்தார். அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் சொல்கிறேன்.

"என் மவன் பூவரசனுக்கு அந்தக் கிடங்குல டிரைவர் வேல தரேன்னாங்க. குடுத்துட்டா நல்லதுன்னுதான் எனக்கு. கூட்டத்துக்கு முன்னாடி அக்காகிட்ட போயி காயிதத்த எல்லாம் படிச்சிக் காட்னேன். அவுங்க வேணான்னுட்டாங்க. நானும் போயி வேணான்னு சொல்லிட்டு வந்துட்டேன். கையெழுத்து போட்டது நான்தான், அத எங்க வேணா வந்து சொல்றேன். ஆனா அத என் ஓட்டுன்னு மட்டும் எழுதிடாதீங்க. என் ஓட்டா இருந்தா வேற மாதிரி போட்ருப்பேன்."

அன்பர்களே, அங்கேதான் நான் குழம்பினேன். இன்றுவரை தெளியவில்லை.

எது வருகை? எது வாக்கு? எது கையெழுத்து? வேலம்மாள் ஒரு செல்போனை நிமிர்த்தி வைத்து அதில் முகத்தைக் காட்டியிருந்தால், சட்டப்படி அவர் கூட்டத்துக்கு வந்தவர். காணொளியைச் சட்டம் ஏற்கிறது. அந்த முகம் தூங்கி வழிந்திருந்தாலும் ஏற்கிறது. ஆனால் சொந்த மகனின் வேலையைத் தூக்கி வைத்துவிட்டு, இன்னொருத்தியின் முடிவைச் சிந்தாமல் சிதறாமல் சுமந்துகொண்டு போய்ச் சொன்ன திலகவதியைச் சட்டம் ஏற்பதில்லை. நான் படித்த அந்த ஓட்டுநர் இயக்குநர்கள் கூட்டத்துக்குத் தாங்களே வந்தார்கள். தங்கள் பெயரில் தாங்களே கையெழுத்திட்டார்கள். ஆனால் வாய் திறந்து சொன்னது யாருடைய முடிவை? முதலாளியின் முடிவை. கையெழுத்து நிஜம், மனது இரவல். இங்கே கையெழுத்து இரவல், மனது நிஜம். எதை எந்தச் சட்டப் பிரிவில் வைப்பேன்? யாருக்கு எந்தத் தண்டனையை எழுதுவேன்?

அப்படியானால் திலகவதி செய்தது சரி என்று சொல்லுங்களேன் என்கிறார் அங்கே ஓர் அன்பர். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். நாளைக்கே ஒரு பெருமுதலாளி இதே கதவு வழியாகத் தன் ஓட்டுநரை உள்ளே அனுப்புவார். "எங்கள் குடும்ப வழக்கம்" என்பார். திலகவதிக்குத் திறந்த கதவு திலகவதிக்கு மட்டும் திறந்திருக்காது. ஆகவே அந்தக் கையெழுத்து தவறுதான். தாயே, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன், தவறுதான். பதிவேட்டில் "வேலம்மாளுக்காகத் திலகவதி" என்று எழுதியிருக்க வேண்டும். அது சட்டத்துக்குப் போதுமா என்பது வேறு பேச்சு. பொய்யாவது இருந்திருக்காது.

அப்படியானால் என் பக்கம் சரியா? அதுவும் தவறுதான். முகம் தெரியாத பெயர்களின் மேல் இருந்த கோபத்தில் எழுதிய வரி, ஒரு பெயருக்காகத் தன் முகத்தோடு வந்து நின்றவள் மேல் போய் விழுந்திருக்கிறது. எழுதும்போது என் அப்பாவின் தூக்கு நினைவிருந்தது. களம் தெரிந்திருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை நான் சென்னைக்குப் போகிறேன். "பொய் சொல்ல வாணாம் டீச்சரம்மா, நாங்க செஞ்சத அப்டியே சொல்லு, ஜாஸ்தியா ஒண்ணும் வாணாம்" என்று வேலம்மாள் கேட்டிருக்கிறார். கையெழுத்து தவறு என்பேன். அந்த வாக்கு யாருடையது என்பதற்குத் திலகவதியே சாட்சி என்பேன். வாக்கு செல்லாதென்றால், பதவியைப் பறிக்காமல், வருடத் தெவசம் முடிந்து படி இறங்கிவிட்ட வேலம்மாளை உட்காரவைத்துக் கூட்டத்தை மறுபடி நடத்துங்கள், களத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடுவேன். என் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நம்ப வேண்டாம், அதை எழுதியவளே நம்பவில்லை என்பேன். தீர்ப்பு எப்படி வரும்? தெரியாது. நிஜமாகவே தெரியாது.

ஜெயப்பிரகாஷ் அவர்களே, முகம் வாட வேண்டாம். ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டீர்கள், தெரியும். ஒரே ஒரு பக்கத்தை மாற்றி எழுதித் தருகிறேன், அதுவரை கட்டுகளைப் பிரிக்காதீர்கள். தட்டில் இருக்கும் அந்த ஒரு பிரதியை மட்டும் இப்போது நீதிபதி ஐயா வெளியிடட்டும். முதல் பிரதி பெறுபவர் திருமதி வேலம்மாள் என்று அழைப்பிதழில் இருக்கிறது. நான் கேட்டுப் போட்ட பெயர்.

ஆனால் பாருங்கள், காலையில் மேகம் கறுத்துவிட்டது. களத்தில் கிடந்த மீனை வாரிக் கட்ட வேலம்மாள் அங்கேயே தங்கிவிட்டார். முதல் வரிசையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலியில் திலகவதி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் வருகைக் குறிப்பேட்டைப் பார்த்தேன். வேலம்மாள் என்று எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிய வழக்கு வந்தபிறகும், அம்மாடி, வேலம்மாள் என்றே எழுதியிருக்கிறது.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு உள்ளே வந்தேன்.

திலகவதி அம்மா, மேடைக்கு வாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வந்து, வேலம்மாளுக்காக இந்த நூலைப் பெற்றுக்கொள்ளுங்கள். இது மாலைக்குள் வேலம்மாள் கையில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மடிப்பு விழாமல், ஒரு பக்கம் குறையாமல் போய்ச் சேரும். அதில் மட்டும் எனக்குத் துளியும் குழப்பம் இல்லை. இந்த நாட்டில் எத்தனை இயக்குநர்களை நம்பி நான் அப்படி ஒரு நூலைக் கொடுத்தனுப்ப முடியும்?

பொறுமையாகக் கேட்ட அவைக்கும், என் குழப்பத்துக்கு இடம் கொடுத்த தலைவர் ஐயாவுக்கும், மழை வருமுன் கிள்ளைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய என் தாய்மார்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.